போகாத மலைக்குத் தைத்த பனியன்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம் திருப்பூர். ஆய்வுக்கு உட்பட்டோர் இருவர்: ஒருவர் கட்டிங் மாஸ்டர், மற்றவர் மெர்ச்சண்டைசர். பள்ளிக் காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் "மாப்ள" என்று கூப்பிடுகிறவர்கள், உறவு ஏதுமில்லை. பெயர் தேவையில்லை, வாசகரின் தெருவிலேயே இப்படி இருவர் இருப்பார்கள். ஆய்வுப் பொருள், இவர்கள் மலையேறிக் குகை பார்க்கத் திட்டம் போடும் முறை. ஆய்வுச் சிக்கல் இதுதான்: நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தைத்துக் கப்பலேற்றும் ஓர் ஊரால், இரண்டே இரண்டு பேரை ஒரு மலையேற்ற முடியாமல் போவது ஏன்?

முதலில் காலம்.

மற்ற ஊர்களில் நேரத்தைக் கடிகாரம் சொல்லும். திருப்பூரில் ஷிப்ட் சொல்லும். எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை. சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிறு விடுமுறை என்பது காலண்டரின் கருத்து. ஷிப்மெண்ட் நெருங்கினால் அதுவும் அரை ஷிப்ட் ஆகும். ஊர் முழுதாக மூச்சு விடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை கட்டிவிட, பவர் டேபிள் சத்தம் அடங்கி, தெருவில் நாய் குரைப்பது தனியாகக் கேட்கும்.

ஆனால் தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். வெள்ளியங்கிரி மலைக்கு வனத்துறை அனுமதிப்பதோ பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. பொங்கல் லீவு முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மலை திறக்கும். திறந்திருக்கும் அந்த நான்கு மாதத்தில், ஷிப்மெண்ட் இல்லாத வாரம் என்று ஒன்றை மெர்ச்சண்டைசர் இதுவரை கண்டதில்லை. பள்ளியில் படித்த கணக்கின்படி, இந்த இரு கணங்களின் வெட்டு வெற்றுக் கணம்.

இதற்கு மாற்றாக 2024 அக்டோபரில் அரசே ஒரு வழி திறந்தது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகள். இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. காட்டுத் தீ அபாயம் மிகுந்த வாரங்களில் பாதைகள் மூடப்படும். இந்தக் கண்டிப்பைக் கேலி செய்ய ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூர் பக்கத்தவர்களும் இருந்தார்கள். மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் அந்த ஆண்டுதான் வந்தன.

அடுத்து இடம்.

குகை என்று தமிழர் பொதுவாகச் சொல்வதற்குள் முழை, அளை, பொடவு என்று பல சாதி உண்டு. மேகாலயாவில் சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கிய லியட் பிரா குகை 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கொங்கு நாட்டுப் பாறை அப்படிக் கரைகிற சாதி இல்லை. இங்கே குகை என்றால் பெரும்பாலும் ஒரு குண்டுப்பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்த இடுக்கு. அதற்குள் ஒரு சித்தர் இருந்த கதை.

மெர்ச்சண்டைசரின் முதல் தேர்வு கொடைக்கானல் குணா குகை. 1821இல் பி.எஸ். வார்டு என்ற ஆங்கில அதிகாரி பதிவு செய்தபின் 'சாத்தானின் சமையலறை' என்று பெயர் பெற்று, 1991இல் கமல் படத்தால் மறுபெயர் சூட்டிக்கொண்டு, 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபின் மறுபடியும் கூட்டம் சேர்த்த இடம். "உள்ள எறங்கிப் பாத்தரலாம் மாப்ள" என்பது அவர் கருதுகோள். உள்ளே இறங்க அனுமதி இல்லை, கம்பி வேலிதான் பார்க்கலாம் என்பது கள நிலவரம். கருதுகோள் அத்துடன் விழுந்தது.

கட்டிங் மாஸ்டரின் தேர்வு வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, சனி இரவு ஏறத் தொடங்கினால் விடியலில் ஏழாம் மலை. பெரும்பாறைகளுக்கு இடையே சுயம்பு லிங்கம். மலையும் ஆச்சு, குகையும் ஆச்சு. ஆனால் இறங்கியபின் திங்கட்கிழமை கட்டிங் டேபிள் முன்னால் நிற்கக் கால் இருக்காது என்பதை ஏறி வந்த எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள்.

இவை தவிரப் பக்கத்திலேயே இரண்டு குகைகள். ஈரோடு மாவட்டம் அரச்சலூர் நாகமலையில் கற்படுக்கைகள் உள்ள இயற்கைக் குகை. அங்குள்ள தமிழ்-பிராமி கல்வெட்டைக் கண்டறிந்தவர் புலவர் செ. இராசு. 'த', 'தை' என்ற தாள எழுத்துகள் எப்படிப் படித்தாலும் ஒரே வரிசை வரும்படி கட்டத்துக்குள் அமைந்தது அது. எழுத்துகளை அப்படிக் கோத்தவர் ஒரு வண்ணக்கன், அதாவது மணியும் காசும் நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பிரிப்பவர். திருப்பூர் மொழியில் செக்கிங் செக்‌ஷன். தொழில் முன்னோர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன குகை என்று எடுத்துச் சொல்லியும் நண்பர்கள் அசையவில்லை.

இன்னொன்று, காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூர். பொன்னூதி மலை என்றும் பெயர். கொங்கணச் சித்தர் நெருப்பை ஊதி ஊதி உலோகத்தைப் பொன்னாக்கினார், அதனால் ஊதியூர் என்பது ஊர்க்கதை. மலையில் உத்தண்ட வேலாயுதசாமி கோயில், மேலே கொங்கணர் இருந்த குகை. 2023இல் சிறுத்தை ஒன்று வந்து நடமாடியது. அதற்குத் தோன்றியது இவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஊதியூரா? எங்க அத்தை ஊருக்குப் போற வழிடா அது. பஸ்ஸுல போறப்பவே தெரியும். அதெல்லாம் ஒரு மலையா?"

இங்கே ஆய்வின் முதல் விதி கிடைத்தது: பஸ் ஜன்னலில் தெரியும் மலை, மலை ஆகாது.

இப்போது ஆடை. ஆய்வில் தரவு குவிந்து கிடப்பது இந்தப் பகுதியில்தான்.

ஊரும் நாளும் முடிவாகும் முன்பே, இருவரும் போட்டுக்கொள்ளும் டீ-ஷர்ட் முடிவாகிவிட்டது. விவாதம் மூன்று வாரம் நடந்தது. 160 ஜி.எஸ்.எம். காட்டன் சிங்கிள் ஜெர்சி என்றார் மாஸ்டர். மெர்ச்சண்டைசர் பாடம் எடுத்தார்: காட்டன் காற்றிலிருந்தே தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரம் பிடித்து வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஏறும்போது வேர்வை குடித்த காட்டன், உச்சியில் குளிர்காற்று அடிக்கும்போது ஈரத்துணியாக முதுகில் ஒட்டும். அதனால்தான் மலையேறுகிறவர்கள் பாலியஸ்டர் தேடுகிறார்கள். காட்டனால் பிழைத்த ஊரில் இதைச் சத்தமாகச் சொல்வது பெரியவர்கள் முன் சிகரெட் பற்றவைப்பது போல. "அப்போ காதர்பேட்டையில போயி ட்ரை-ஃபிட் செகண்ட்ஸ் வாங்கிக்கடா" என்று மாஸ்டர் எழுந்து போய்விட்டார்.

நான்கு நாள் பேச்சில்லை. பிறகு பாதிக்குப் பாதி கலந்த துணியில் சமாதானம் ஆயிற்று. ஃபிட் சாம்பிள் வந்தது. தோள் அரை இஞ்ச் திருத்தம். முதுகில் 'வெள்ளியங்கிரி' என்று ஸ்கிரீன் பிரிண்டிங். நீல நிறம் ஒரு சாயல் மாறியிருந்ததால் பிரிண்டிங் மறுபடியும். மாஸ்டர் லே போட்டு வெட்டும்போது துணி வீணாகக் கூடாது என்று இரண்டுக்குப் பன்னிரண்டாக வெட்டிவிட்டார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஆர்டர் முடிந்து, அயர்ன் ஆகி, பாலித்தீன் பையில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. எந்த வெளிநாட்டு பையரும் இதைவிடச் சுத்தமான டெலிவரி கண்டிருக்க மாட்டார்.

பயணம் அப்படியே நின்றது. சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் ஒரு பொருள் வைத்தால், இன்னொரு பக்தர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அதே பொருள்தான் இருக்கும். இவர்கள் திட்டமும் யாராவது ஒருவர் புதிதாகக் கனவு காணும்வரை அதே தேதியில் கிடந்தது, தேதி கடந்துபோன பிறகும்.

ஆய்வு கண்டது: இந்த இருவருக்கும் திட்டம் என்றாலே ஆர்டர்தான். துணி எடுப்பது, வெட்டுவது, தைப்பது, செக்கிங், பேக்கிங் என்று போகும் வரிசை கையில் ஊறிவிட்டது. பேக்கிங் முடிந்ததும் வேலை முடிந்தது. பெட்டியுடன் கூடவே போய் எந்த ஊரையும் பார்க்கும் வழக்கம் அந்த வரிசையிலேயே இல்லை.

பரிந்துரை: ஞாயிறு அரை ஷிப்ட் முடிந்ததும் மலை தேடாமல், அதற்கு அடுத்த ஞாயிறு காலை தாராபுரம் பஸ் ஏறவும். ஊதியூருக்கு டிக்கெட் எடுக்கவும். மேலே ஏறும் முன் கோயில்காரர்களிடம் சிறுத்தை நடமாட்டம் உண்டா என்று விசாரிக்கவும். இருட்டும் முன் இறங்கிவிடவும்.

பன்னிரண்டு டீ-ஷர்ட்டில் ஒன்றை மாஸ்டரின் மச்சான் வாங்கிக்கொண்டு சித்ரா பௌர்ணமிக்கு ஏழு மலையும் ஏறி இறங்கி வந்தார். தோள் தையல் நன்றாகத் தாங்கியதாகத் தகவல்.