சுவரெழுத்தியல்: மாரெட்பள்ளிச் சுவர் ஒன்றை முன்வைத்து

தோற்றுவாய்

‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்பது பழமொழி. இங்கே சுவர் என்றது உடம்பை, சித்திரம் என்றது உடம்பைக் கொண்டு ஆற்றும் காரியங்களை, ஆதலால் உடம்பைப் பேணுக என்று பெரியவர்கள் உரை சொல்லி வருகிறார்கள். இவ்வுரை தலைகீழானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சுவர் என்றால் சுவர்தான். சித்திரம் என்றால் கிறுக்கல்தான். உடம்பு அந்தக் கிறுக்கலால் விளைவது.

ஆய்வுக்களமும் எல்லையும்

களம், மேற்கு மாரெட்பள்ளியில் ஆய்வாளர் குடியிருக்கும் வாடகை வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியிலுள்ள சுவர். ஆய்வேடு என்றால் ஊர் வரலாறு இருக்க வேண்டும்: மாரெட்பள்ளி செகந்திராபாத்தின் ஒரு பகுதி, அந்நகர் 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்றது. இதற்கும் கிறுக்கலுக்கும் தொடர்பில்லை. மரபு காக்கப்பட்டது, அவ்வளவே.

ஊருக்கும் பொருளுக்கும் தொடர்பு மொழியில் இருக்கிறது. தெலுங்கில் சுவருக்குப் பெயர் ‘கோட’. தமிழ்க் குழந்தை அதில் இழுப்பது ‘கோடு’. கோட என்று ஒன்று இருந்தால் கோடு வந்தே தீரும் என்பது இரு மொழியும் தெரிந்த இவ்வூரில் மட்டுமே விளங்கும் உண்மை. சொற்பிறப்பியலார் சினந்தால் சினக்கட்டும்.

கோடிழுப்பவர் ஆய்வாளரின் பேத்தி, வயது மூன்று. கருவி, மெழுகுக் கிரேயான். அவள் எக்கி நின்றாலும் கை எட்டும் உயரம் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர். ஆகவே ஆய்வெல்லையும் அதுவே. அதற்கு மேல் சுவரில் காணப்படும் எதுவும் இவ்வாய்வுக்கு உட்பட்டதன்று. இதை வாசகர் நினைவில் கொள்க.

முன்னோடிகள்

பிரான்ஸிலுள்ள ரூஃபின்யாக் குகையின் மென்மையான சுவர்களில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் விரலால் இழுத்த கோடுகள் உள்ளன. விரற்சுவடுகளின் அகலத்தை அளந்து, அவற்றில் பல சிறு குழந்தைகளுடையவை என்றும், மிகுதியாக இழுத்தவள் ஐந்து வயதுச் சிறுமி என்றும் ஆய்வாளர் கண்டனர். கூரையிலும் கோடுகள் இருப்பதால், பெரியவர் யாரோ பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். குகைக்கு வீட்டுக்காரர் இல்லாமையால் சான்று தப்பிற்று.

அமெரிக்கரான ரோடா கெல்லாக் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை ஓவியங்களைத் திரட்டி, அடிப்படைக் கிறுக்கல்கள் 20 வகை என்று வரையறுத்தார். நம் சுவரில் இதுவரை 17 கிடைத்துள்ளன. மீதி மூன்றுக்குப் பீரோவை நகர்த்த வேண்டும்.

இந்திய அரசும் பின்தங்கவில்லை. 1987இல் ‘ஆபரேஷன் பிளாக்போர்டு’ திட்டத்தைத் தொடங்கித் தொடக்கப் பள்ளிகளுக்குக் கரும்பலகை முதலியன வழங்கிற்று. பலகை ஆசிரியர் உயரத்தில் மாட்டப்பட்டமையால், தோள் வலுத்தவர் ஆசிரியர் ஒருவரே.

உடற்கூற்று அதிகாரம்

தோள்: மேசையில் வரையும் பிள்ளை முழங்கையை ஊன்றிக்கொள்கிறது. சுவரில் ஊன்ற இடமில்லை. கை முழுவதையும் தோள்தான் தாங்கியாக வேண்டும். தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து நிறுத்தும் தசைகளும், மூட்டைச் சூழ்ந்த நான்கு சிறு தசைகளும் வேலை செய்தாக வேண்டும். உடம்பின் கட்டுப்பாடு நடுவிலிருந்து நுனிக்குப் பரவுவது. தோள் நிலைத்தால்தான் விரல் நிதானிக்கும்.

மணிக்கட்டு: இதில் எட்டுச் சிற்றெலும்புகள். பிறக்கும்போது அவை பெரும்பாலும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகும்; கடைசியானது எலும்பாகத் தொடங்கவே பத்து வயதை ஒட்டிப் போகும். இதை அறியாமல் மூன்று வயதுப் பிள்ளையை நான்கு கோட்டு நோட்டுக்குள் அடைக்கிறோம். சுவரில் வரையும்போது மணிக்கட்டு தானே பின்பக்கம் மடங்குகிறது. அதன் பயனை வாசகர் இக்கணமே சோதிக்கலாம். மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கிக்கொண்டு முட்டி பிடித்துப் பாருங்கள், இறுகாது. சற்றே பின்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், இறுகும். பென்சிலைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து பிடிக்கும் பிடிக்கு இச்சாய்வே வாகானது.

நடுக்கோடு: தாளில் வரையும் பிள்ளை இடப்பக்கத்துக்கு ஒரு கை, வலப்பக்கத்துக்கு மறு கை என்று மாற்றிக்கொண்டோ தாளை நகர்த்தியோ தப்பிவிடும். சுவரை நகர்த்த முடியாது. நீண்ட ரயில் வரையும்போது ஒரே கை உடம்பின் நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. சட்டைப் பொத்தான் போடவும் வரியைத் தொடர்ந்து எழுதவும் இந்தத் தாண்டல் வேண்டும்.

திசை: மேசைத் தாளில் ‘மேலே’ என்றால் உண்மையில் தூரம். சுவரில் மேலே என்றால் மேலேதான். வானம் இருக்குமிடத்தில் வானம் வரைகிறாள். கழுத்தும் குனியவில்லை.

தடையும் விடையும்

‘எனில் எல்லாப் பிள்ளைகளும் வாடகைச் சுவரையே கெடுக்க வேண்டுமோ?’ எனின், வேண்டா. பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டலாம், சாய்பலகை நிறுத்தலாம். எல்லாவற்றிலும் சிறந்தது வெளி மதில், ஒரு குவளைத் தண்ணீர், வெள்ளையடிக்கும் பழைய பிரஷ். ஏப்ரல் மாத ஹைதராபாத் வெயில் ஐந்து நிமிடத்தில் சுவடி முழுவதையும் அழித்துப் புதுச் சுவர் தரும். இதனால் மேசை வேண்டாதது என்று கொள்ளற்க. நுணுக்க வேலைக்கு அதுவும் வேண்டும்.

ஒப்பீட்டுச் சான்று

நாற்பது ஆண்டு மேசைமேல் முழங்கையூன்றிக் கணக்கெழுதிய உடம்பு ஒன்றும் ஒப்பிட்டு நோக்கப்பட்டது. அதன் வலத்தோள் சென்ற ஐப்பசியில் இறுகிப்போயிற்று. சட்டை மாட்ட முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் பல்லிபோல் ஏறி, எட்டிய இடத்தைத் தினமும் குறித்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வயதில் கொடுக்காததை அறுபத்தாறில் சுவர் வட்டியோடு வசூலிக்கிறது என்பது போந்த பொருள்.

முடிவுரை

சித்திரத்தை வைத்துத்தான் உடம்பு என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. பழமொழி திருத்தப்படுக.

ஆய்வு முடிந்த அன்று வீட்டுக்காரர் வாடகைக்கு வந்தார். “ஏமிட்டண்டி இதி? கோட சார், கோட!” என்றார். நாற்பது சதுர அடிக்குப் பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். பேத்தியைப் பார்த்ததும் சற்றுத் தணிந்தார். சின்னப் பிள்ளை, என்ன செய்வது என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலே பார்த்தார். அங்கே, 1 மீட்டர் 30இல் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, தேதியோடு இருபத்துமூன்று பென்சில் கோடுகள் இருந்தன.

“மரி இதி எவரு சார்?” என்று கேட்டார்.

இவ்வினா ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.