மணி மட்டும் கேட்காதீர்கள்

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிற கேசியோ எஃப்-91டபிள்யூ, மாதத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறாது என்று அதன் கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. பல லட்சம் ரூபாய்க்கு விற்கிற சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்சோ தனியாக ஒரு பரீட்சை எழுதித் தேறி, 'க்ரோனோமீட்டர்' என்ற சான்றிதழோடு வருகிறது. அந்தப் பரீட்சையின் பாஸ் மார்க் என்னவென்றால், சராசரியாக ஒரு நாளைக்கு 6 விநாடி முந்தலாம், 4 விநாடி பிந்தலாம். மாதக் கணக்குப் போட்டால் மூன்று நிமிடம் வரை தள்ளிப்போகலாம், யாரும் கேட்க முடியாது. விலை ஏற ஏற வேலையில் சுணங்குகிற இந்தப் பொருளைத்தான் நான் சேகரிக்கிறேன். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். வாங்குவது ஒரு மத்தியான வேலை. தேர்ந்தெடுக்கத்தான் ஆயுள் போதவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஆரம்பம் 1969. வருஷம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு நிலாவில் நடந்தார். ஆம்ஸ்ட்ராங்கிடமும் ஒன்று இருந்தது. கலத்திலிருந்த டைமர் மக்கர் செய்ததால், அதற்குப் பதிலாகத் தன் வாட்சை உள்ளே விட்டுவிட்டு இறங்கினார். ஆல்ட்ரினின் வாட்ச் நிலாவுக்குப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்து, பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய பார்சலில் காணாமல் போனது. கூரியர் என்றால் எந்த நாட்டிலும் கூரியர்தான்.

அதே வருஷம் டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்னக் காரின் விலை. ஆனால் மாதத்துக்கு 5 விநாடிதான் தவறும். சீக்கிரமே விலையும் சரிந்தது. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் வாட்ச் தொழிலில், 80களின் நடுவில் ஏறக்குறைய 30,000 பேர்தான் மிஞ்சினார்கள். வேறு யாராக இருந்தாலும் கடையை மூடிவிட்டு வேறு பிழைப்பு பார்த்திருப்பார்கள். மிஞ்சிய சுவிஸ்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். மணியைச் சரியாகக் காட்டுவதில் ஜெயிக்க முடியாதா, சரி, மணி காட்டுவதே முக்கியமில்லை என்று ஆக்கிவிடுவோம். விலையை ஏற்றினார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, நமக்கு ஒருநாளும் பயன்படாத வசதி எத்தனை இருக்கிறது என்பதுதான். என் நண்பர் ஒருவரின் சப்மரைனர் வாட்ச் 300 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும். கை கழுவும்போது அவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மெரினாவிலேயே கணுக்காலுக்கு மேல் இறங்கியவரில்லை. டூர்பியான் என்று ஒன்று உண்டு. 1801இல் பாரிஸில் ப்ரெகே என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கியது. பாக்கெட்டில் நாளெல்லாம் நின்றவாக்கில் கிடக்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுப்பதால் வரும் பிழையை, உள்ளே இருக்கும் சக்கரத்தைக் கூண்டோடு சுற்றவிட்டுச் சரிக்கட்டும் ஏற்பாடு. கைக்கடிகாரத்துக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை, கைதான் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறதே. அதிலும் நம்மவர்கள் பேசும்போது ஆடுகிற ஆட்டத்துக்குப் புவியீர்ப்பே குழம்பிவிடும். இருந்தாலும் டூர்பியான் என்றால் விலையில் ஒரு சைபர் கூடும்.

பெர்பெச்சுவல் காலண்டர் இன்னும் விசேஷம். 30 எது, 31 எது, லீப் வருஷம் எது என்று அதற்கே தெரியும். 2100 பிப்ரவரியில் மட்டும் ஏமாந்துவிடும், ஏனென்றால் 4ஆல் வகுபட்டாலும் 2100 லீப் வருஷம் இல்லை. இந்த ஒரு குறையை விற்பனையாளர் உண்மையான வருத்தத்தோடு என்னிடம் சொன்னார். பரவாயில்லை, அதுவரை நான் அனுசரித்துக்கொள்கிறேன் என்றேன். பக்கத்தில் குட்டி ஜன்னலில் நிலா வளர்ந்து தேய்வதைக் காட்டும் வகையும் இருக்கிறது. சாதாரண ரகம் இரண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடினால் ஒரு நாள் பிசகும். எங்கள் வீட்டுச் சமையலறையில் மளிகைக்கடை அண்ணாச்சி இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி போக ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் வரை சொல்கிறது. தினம் ஒரு தாள் கிழித்தால் போதும், சர்வீஸ் செலவு கிடையாது. என் கண்ணில் பட்ட பெர்பெச்சுவல் காலண்டர் எதிலும் ராகுகாலம் இல்லை.

வீட்டாருக்கு விளக்குவதில் எனக்கு ரொம்பவும் சோதனையாக இருந்தது ஸ்டீல் வாட்சுதான். 1972 வரைக்கும் இதில் குழப்பமில்லை. தங்கம் என்றால் விலை, ஸ்டீல் என்றால் மலிவு. அந்த வருஷம் ஜெரால்ட் ஜென்டா வரைந்து கொடுத்த ராயல் ஓக்கை ஓடமார் பிகே கம்பெனி வெளியிட்டது. எட்டுப்பட்டை முகம், எட்டு திருகாணி, வெளியே தெரிகிற மாதிரி. சாயங்காலம் போனில் கேட்டார்கள், விடிவதற்குள் வரைந்து முடித்தேன் என்று ஜென்டா சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டீல்தான், ஆனால் அப்போதிருந்த பல தங்க வாட்சுகளை விட விலை அதிகம். நான்கு வருஷம் கழித்து பட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸ் வரைந்தவரும் இதே மனிதர்தான். அவர் கைபட்டதிலிருந்து ஸ்டீலுக்கு வந்த வாழ்வை நான் என் மாமியாருக்குப் படம் காட்டி விளக்கினேன்.

"வெள்ளியா மாப்ளே?"

"ஸ்டீல் அத்தை."

"எவர்சில்வரா?"

"எவர்சில்வர்தான். ஆனா தங்கத்தை விட விலை ஜாஸ்தி."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப செய்கூலிதான் அதிகம் போல."

இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ நிபுணர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எல்லாம் செய்கூலிதான். திருகாணியின் தலையை மெருகேற்றுவதும், பின்பக்கம் யாரும் பார்க்காத தகட்டில் கோடு இழைப்பதும், ஒரு சக்கரத்தின் ஓரத்தைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு மழிப்பதும். அதற்குத்தான் நான் மயங்குகிறேன். சேதாரம் என் கணக்கில்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் கையில் இருந்தால், கை அசைகிற அசைவில் தானே சாவி ஏறிக்கொள்ளும். ஆனால் சேகரிப்பவனிடம் வாட்ச் நிறைய, கை ஒன்று. சும்மா கிடப்பவை இரண்டு நாளில் நின்றுவிடும். அதற்காகவே ஒரு பெட்டி விற்கிறார்கள், உள்ளே வாட்சை வைத்து பிளக்கைச் சொருகினால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். என் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, செல்லே போட வேணாம்னுதானே இந்த வாட்ச வாங்குனீங்க?"

"ஆமா."

"இப்ப எதுக்கு கரண்ட்டு?"

"சுத்தலேன்னா நின்னுடும். தேதி தப்பிடும்."

"காலண்டர் அடுப்படியில இருக்கு."

இனி கடைக்குப் போவதைப் பற்றி. காசைக் கொடுத்தால் வாட்ச் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்கள். கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் காட்சிக்கு மட்டும். நான் போன இடத்தில் பெண் பார்க்கப் போனது மாதிரி உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். என்ன உத்தியோகம், சொந்த வீடா, ஏற்கெனவே என்னென்ன வாட்ச் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் விசாரித்தார்கள். நான் கேட்ட மாடல் இப்போதைக்கு இல்லையாம், மூத்தது ஒன்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறதாம், அதை முதலில் எடுத்துக்கொண்டால் இளையதைப் பற்றிப் பேசலாமாம். கடைசியில் எழுந்து நின்று, "சொல்லி அனுப்புறோம் சார்" என்றார்கள். இந்த வாக்கியத்தை என் இருபத்தேழாவது வயதிலேயே கேட்டுப் பழகியவன் என்பதால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய வாட்சுப் பக்கம் போகலாமென்றால் அங்கே நியாயம் தலைகீழ். கறுப்பு டயல் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டால் அதற்கு 'டிராபிகல் டயல்' என்று பட்டம், விலையும் கூடும். வெயில்தான் கணக்கென்றால் வேலூரில் பாதிப்பேர் கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டும். யாரும் சீந்தாத டயலுக்கும் யோகம் வரும். 60களில் ரோலக்ஸ் டேட்டோனாவில் வந்த ஒரு வகை டயல் கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தது. கார்ப் பந்தயப் பித்துப் பிடித்த நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அதில் ஒன்றை வாங்கி, பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்பக்கம் பொறித்துக் கொடுத்தார். 1984இல் மகளின் காதலன் அவர்கள் வீட்டு மரத்தில் இருந்த குடிலைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, நியூமன் அவனிடம் மணி கேட்டாராம். தன்னிடம் வாட்ச் இல்லை என்றான் பையன். இந்தா என்று தன் வாட்சைக் கொடுத்துவிட்டார். அது 2017இல் நியூயார்க் ஏலத்தில் போன விலை 1 கோடியே 77 லட்சம் டாலர். பையன் அந்த வீட்டு மருமகனாகவும் ஆகவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து யார் மணி கேட்டாலும் முதலில் சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொள்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் நாலு பேர் அவ்வப்போது ஞாயிறு சாயங்காலம் ஒரு ஓட்டலில் கூடுவோம். வாட்சுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது எங்களுக்குள் வழக்கமில்லை, மாடல் நம்பர்தான். "1675 எங்கேயாவது வருதா?" "16610 பழசு, ஆனா நல்லாப் போகும்." "5711 இனிமே வராது, நிறுத்திட்டான்." பக்கத்து மேஜையில் கைக்குழந்தையோடு இருந்த பெரியவர் எங்களைப் போக்குவரத்துக் கழகத்தார் என்றே நினைத்திருக்க வேண்டும். மரியாதையாக எட்டிப் பார்த்து, "தம்பி, மணி என்ன ஆகுது?" என்றார்.

நாலு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. சப்மரைனர்காரர் மூன்றே கால் என்றார். ஸ்பீட்மாஸ்டர்காரர் காலையில் சாவி கொடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாமவருடையது அன்று மதியம்தான் பெட்டியிலிருந்து எடுத்தது, தேதி வேறு பதினெட்டில் நின்றது. என்னுடையதில் மணி பத்து பத்து. விளம்பரங்களில் எப்போதும் அப்படித்தான் வைப்பார்கள், முட்கள் இரண்டும் அழகாக விரிந்திருக்கும். போட்டோ எடுப்பதற்காக வைத்திருந்தேன்.

பெரியவர் நாலு வாட்சையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் செல்லு தீந்துடுச்சா தம்பி? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் இருக்காரு. அம்பது ரூவாக்கு மாத்திக் குடுப்பாரு."