உங்களுக்காக 11 பர்சென்ட்

அண்ணன் மகள் வேலைக்குப் போய் முதல் போனஸ் வாங்கியிருக்கிறாள். "அத்தை, நகையை எப்படி புத்திசாலித்தனமா சேர்க்கறது, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். அதற்காகத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு உஸ்மான் சாலைக் கடை ஒன்றுக்குப் போய்வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன். புத்திசாலித்தனம் காத்திருக்கும். நம் வீடுகளில் அதற்கு அது பழக்கம்தான்.

மூன்று பவுனில் ஒரு செயின். 24 கிராம். கூல்டிரிங்ஸ் கொடுத்தார்கள், குடித்தோம். விற்பனைத் தம்பி கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "சேதாரம் 14 பர்சென்ட்மா" என்றார். அதாவது 3 கிராம் 360 மில்லி. அரைப் பவுனுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அது அவள் கழுத்துக்கும் வராது, என் கழுத்துக்கும் வராது. அதற்கான பணம் மட்டும் வந்துவிட வேண்டும்.

"எங்கப்பா போச்சு அந்தத் தங்கம்?"

"செய்யறப்ப சேதாரமாயிடும்மா."

பத்தர் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவளிடம் சொல்கிற பதிலா இது? அரத்தால் ராவினால் தூள் உதிரும், வாஸ்தவம். உதிர்ந்த தூளை விட்டுவைத்த பத்தரை நான் கண்டதில்லை. கை கழுவின தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார், தெளியவைத்து எடுப்பார். பட்டறைக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வரும். கோயம்புத்தூரில் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி, அலசி, தங்கம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, சாக்கடைக்குப் போன தங்கம்கூட இந்த நாட்டில் சேதமாவதில்லை. ஏசி ஷோரூமுக்கு வந்த தங்கம்தான் சேதமாகிறது.

அதிலும் நாங்கள் பார்த்தது மெஷின் செயின். ஒரு மனிதர் குனிந்து ஊதி, ராவி, இழைத்துச் செய்த அட்டிகை என்றால் வாயை மூடிக்கொண்டு கொடுப்பேன். இதை மெஷின் பின்னித் துப்பியிருக்கிறது. நூற்றுக்குப் பதினாலு சிந்துகிற மெஷினை எந்த முதலாளியாவது வைத்துக்கொண்டிருப்பாரா? எங்கள் தையல்காரர் ப்ளவுஸ் வெட்டி மிஞ்சின துணியை, விரலகலத் துண்டாக இருந்தாலும், சுருட்டித் திருப்பிக் கொடுக்கிறார். நகைக்கடையில் மிஞ்சினதற்கு நாம் பணம் கட்டவேண்டும், மிஞ்சினதைக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

நான் எழுந்திருப்பதுபோல் பாவனை செய்தேன். (இது உங்களுக்கும் தெரிந்த கலைதான். கைப்பையைத் தோளில் மாட்டவேண்டும், ஆனால் நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடாது.) தம்பி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எங்களைப் பார்த்தார். "அம்மாவுக்காக 11 போட்டுக்கோ" என்றார்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். செயின் செய்து முடிந்தாகிவிட்டது. சேதமானது சேதமாகிவிட்டது. இப்போது ஒருவர் தலையசைத்ததும் அதில் 720 மில்லி உயிர்த்தெழுந்து வந்துவிட்டது! இன்னும் இரண்டு பேரைத் தலையசைக்கச் சொன்னால் மீதியும் வந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள், தனக்கு 9 போட்டுக் கொடுத்ததாக எங்கள் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். அதே மெஷின், அதே டிசைன். அவருக்குக் குறைவாகச் சிந்தியிருக்கிறது. முகராசி.

இன்னும் முடியவில்லை. தங்கம், கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தின்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இல்லாத தங்கத்துக்கும் வரி. சரி, பழைய நகையை மாற்றலாம் என்று போனால், வாங்கும்போது கட்டின சேதாரத்தை யாருமே கேள்விப்பட்டதில்லை. நாணயம் வாங்கலாமே என்றால் அதற்கும் ஒன்றோ இரண்டோ சதவீதம் உண்டு. வட்டமாக ஒன்றை அச்சடிப்பதில் என்ன சிந்துகிறதோ! சீட்டுக் கட்டினால் சேதாரமே இல்லை என்கிறார்கள். 11 மாதம் கட்டிவிட்டுப் போனால், "இந்த டிசைனுக்கு 22 பர்சென்ட், 18 வரைக்கும்தான் ஸ்கீம்" என்பார்கள். நமக்குப் பிடிக்கிற டிசைன் எப்போதும் 22-ல்தான் இருக்கும்.

அண்ணன் மகள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். கல் எடையைத் தங்கத்தில் சேர்க்கவிடாதே. 916 என்பது 22 காரட், 750 என்பது 18. எழுதிக்கொண்டே வந்தேன். "இதெல்லாம் கடையிலேயே போன்ல பார்த்துட்டேன் அத்தை" என்கிறாள். அப்புறம் என்னை எதற்கு எழுதச் சொன்னாள்?

எத்தனை சேர்க்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. வருமான வரிச் சோதனையில் கல்யாணமான பெண்ணிடம் 500 கிராம், ஆகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம் வரை நகை இருந்தால் பறிமுதல் செய்யவேண்டாம் என்று 1994-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியது. எனக்கு அறுபத்திரண்டரைப் பவுன் அனுமதி. என் வீட்டுக்கு ரெய்டு வந்தால் அதிகாரி பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு அனுதாபத்தோடு டீ குடித்துவிட்டுப் போவார்.

வேண்டாம் என்று நமக்குச் சொன்னவர்களும் உண்டு. 1963-ல் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாதென்று விதியே கொண்டுவந்தார். பத்தர்கள் பிழைப்பு போனதுதான் மிச்சம். நம் ஆசை ஒரு மில்லி குறையவில்லை. அவராலேயே ஆகாததை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ஆகப்போகிறதா? செயின் வாங்கியாகிவிட்டது. 11-க்குத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சேதாரத் தங்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்த பத்தர் யாராவது இதைப் படித்தால், தெரு பெயரை மட்டும் சொல்லுங்கள். நானும் அண்ணன் மகளும் துடைப்பத்தோடு வந்துவிடுகிறோம்.