சமூகத்தைத் திருத்தும் கவிதை எழுதுவது எப்படி?

கவிதை சமூகத்தைத் திருத்த வேண்டும் என்பதை நம் ஊரில் ஒருவரும் மறுப்பதில்லை. திருத்துகிற ஆட்கள்தான் போதவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. யாப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு கனத்த குரலும், வெள்ளைச் சட்டையும், மைக்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும். வருகிற பொங்கல் கவியரங்கத்துக்கே பெயர் கொடுத்துவிடலாம்.

1. தலைப்பு

யாரும் எதிர்க்க முடியாத தலைப்பாக எடுங்கள். தாய், தமிழ், உழவன், மரம், மழைநீர். முதியோர் இல்லம் மிக நல்ல தலைப்பு. பெற்ற தாயை அங்கே கொண்டுபோய் விட்ட பாவியை நாலு வாங்கு வாங்கலாம். ஆனால் அம்மா மாதம் ஒரு மகன் வீடு என்று சுற்றுவதையோ, முப்பதாம் தேதி இரவே பையைக் கட்டி வாசலருகே வைத்துவிடுவதையோ, மருந்துச் சீட்டை எந்த மகனிடம் நீட்டுவது என்று தெரியாமல் மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருப்பதையோ எழுதிவிடாதீர்கள். முதல் வரிசையில் இருப்பவருக்குத் தன் வீடு ஞாபகம் வந்துவிடும். கைதட்ட வந்தவரை அப்படிச் சங்கடப்படுத்துவது பண்பாடு அல்ல.

சாதியை ஒழிக்கலாம், தடையில்லை. மொத்தமாக ஒழியுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை என்கிற சில்லறை விவகாரத்துக்குள் மட்டும் போகாதீர்கள்.

2. விளி

‘சமுதாயமே!’ என்று தொடங்குங்கள். இதைவிடப் பாதுகாப்பான எதிரி கிடைக்காது. சமுதாயம் என்று யாரும் அரங்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. எழுந்து பதில் சொல்லாது, வழக்குப் போடாது, அடுத்த ஆண்டு அழைப்பிதழிலிருந்து உங்கள் பெயரை எடுக்காது. கேட்கிற ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் திருப்தி.

3. கட்டுமானம்

கடைசி வரியை முதலில் எழுதிவிடுங்கள். அதுதான் கருத்து. அதற்கு மேலே இருபது வரி போட்டு நிரப்பிக்கொள்ளலாம். வாசிக்கும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்பதற்கு, இரண்டாவது தடவை கைதட்டுவதற்கு. இரண்டுக்கும் தட்டவில்லையென்றால் ‘தமிழா!’ என்ற சொல்லைச் சேர்த்து மூன்றாவது முறை முயலலாம்.

4. எச்சரிக்கை: பின்பற்றக் கூடாத முன்னோர்

பழைய புலவர்களின் பெயரை மேடையில் சொல்லலாம். அவர்கள் எழுதிய முறையை மட்டும் பின்பற்ற வேண்டாம். தொழில் தெரியாதவர்கள்.

உதாரணத்துக்குக் கோவூர் கிழார். புறநானூறு, 46ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் போட்டுக் கொல்ல நிறுத்தியிருக்கிறான். நீதி சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு கவிஞருக்கு வாய்க்குமா? கொலை பாவம், குழந்தை தெய்வம், மனிதநேயம் மாண்டதோ என்று அரைமணி நேரம் வாங்கியிருக்கலாம். மனிதர் என்ன செய்கிறார்? புறாவின் துயரைத் தீர்த்த குலத்தில் வந்தவன் நீ என்கிறார். புலவர்களின் வறுமை பார்த்துத் தங்கள் சோற்றைப் பகிர்ந்து கொடுக்கிறவர்களின் பிள்ளைகள் இவர்கள் என்கிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். பழக்கமில்லாத மன்றத்தை மிரள மிரளப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். சொன்னதைக் கேட்டாய், இனி உன் விருப்பம் என்று முடித்துவிடுகிறார். தங்களைக் கொல்ல வந்த யானையையே வேடிக்கை பார்க்கிற குழந்தைகளைக் காட்டிவிட்டு, கருத்தே சொல்லாமல் உட்காருவதா? பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் குறிப்பு சொல்கிறது. அதை வைத்து நாம் முறையை மாற்றிக்கொள்ள முடியாது.

இதையும் கவனியுங்கள்: அவர் சமுதாயத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஆணையிட்டவனின் முகத்தைப் பார்த்துப் பேசினார். யானையும் பக்கத்திலேயே நின்றது.

ஔவையாரும் இதே ரகம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், போர் கொடியது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை (புறம் 95). உன் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன. அவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார். புகழ்ந்தாரா, மிரட்டினாரா என்று தொண்டைமான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். கேட்பவரை யோசிக்க வைப்பது நேர விரயம். அடுத்த கவிஞர் காத்திருக்கிறார்.

எல்லோரையும் மிஞ்சியவர் பெருஞ்சித்திரனார். வீட்டில் கொடிய வறுமை. அதியமான் அவரை நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்ப, பார்க்காமல் தருவதை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல என்று மறுத்துவிட்டார் (புறம் 208). இந்தப் பாட்டை மேடையில் உருக்கமாக விளக்கலாம். விளக்கி முடித்த கையோடு பொன்னாடை, கேடயம், போகவரச் செலவுக்கான உறை மூன்றையும் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

5. வள்ளுவரைக் கையாளும் முறை

கவனம் தேவை. 1330 குறளில் அறத்துப்பாலின் 380 பொதுவாக ஆபத்தில்லாதவை. பொருட்பாலில் 700 இருக்கின்றன. அவற்றில் ‘கொடுங்கோன்மை’ அதிகாரத்தை, மேடையில் பதவியில் இருப்பவர் யாராவது இருந்தால் தொட வேண்டாம். மீதி 250 காமத்துப்பால். அறம் சொல்ல வந்த மனிதர், காதலனும் காதலியும் பொய்க்கோபம் கொள்வதைப் பேசும் ‘ஊடலுவகை’ அதிகாரத்தில் நூலை முடிக்கிறார். கடைசிப் பத்துக் குறளில் ஒன்றாவது புத்திமதி சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. வாழ்க்கை இப்படியும் இருக்கும் என்று ஒப்புக்கொண்ட பிறகு சமூகத்தை எப்படித் திருத்துவது? எனவே 1080ஆவது குறளோடு புத்தகத்தை மூடிவிடவும்.

6. அடிக்கடி எழும் ஐயங்கள்

கவிதையில் சொல்கிறபடி நானும் நடக்க வேண்டுமா?
ஒரே நாளில் இரண்டு அரங்கம் இருந்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

என் கவிதையால் யாராவது திருந்தினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
கைதட்டல் பலமாக இருந்தால், வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே திருந்தியவர்கள் என்று பொருள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கே ஏதோ உறுத்தினால்?
உடனே பேனாவை மூடிவிடுங்கள். நீதி பிறருக்காக எழுதப்படுவது. எழுதுகிறவருக்கே உறுத்தத் தொடங்கினால் அது கவிதையாகிவிடும் அபாயம் இருக்கிறது.

பரவாயில்லை, உறுத்துவதையே எழுதுவேன் என்றால்?
அப்படியானால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். யார் கேட்க வேண்டுமோ அவர் எதிரிலேயே வாசியுங்கள். கடைசி வரியில் கருத்துச் சொல்லும் ஆசை வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கைதட்டலுக்கு உத்தரவாதம் இல்லை, போகவரச் செலவும் உங்களுடையதே.