பைபிள் படித்த சைவர்

கேள்வி: மதப் பேச்சு எடுத்தாலே கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏன் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது?

பதில்: எதிராளியின் வேதத்தைப் புரட்டிப் பார்க்காதவர்களுக்குத்தான் குரல் அதிகம் உயரும்.

யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அதற்கு நேர்மாறு. வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர், 1854-ல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். கோயில் சடங்குகளைப் பழித்த மிஷனரிகளுக்கு, ‘உங்கள் பழைய ஏற்பாட்டு ஆலயத்திலும் விளக்கு, தூபம், நைவேத்தியம் எல்லாம் உண்டே’ என்கிற ரீதியில் பைபிளிலிருந்தே பதில். மிஷனரிகள் கொடுத்த வேலை, அவர்களுக்கே வினை!

நாவலரும் சாந்த சொரூபி அல்ல, சுடச்சுடத்தான் எழுதினார். ஆனால் பக்கம் புரட்டிவிட்டுத் திட்டினார்.

நேருக்கு நேர் விவாதத்திலும் அன்று ஓர் ஒழுங்கு இருந்தது. 1873-ல் இலங்கையின் பாணந்துறையில் பௌத்த துறவி குணானந்தரும் பாதிரியார் டேவிட் டி சில்வாவும் ஆயிரக்கணக்கானோர் முன் 2 நாள் மோதினார்கள். ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர். இன்றைய டி.வி. விவாதத்தில் அந்த வசதி ஏது?