காந்தம் வரும் வரை

பழைய அம்பாசிடரின் கார்புரேட்டர் முதற்கொண்டு சகல உதிரி பாகங்களும் கூரை முட்டக் குவிந்து கிடக்கும் பெங்களூர் ஜெ.சி. ரோட்டுக் கடை ஒன்றினுள் நுழைந்து, தம் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்கு மாற்று வேண்டுமென்று ஒருவர் விண்ணப்பித்துக்கொண்டால், கடைக்காரர் அனுதாபம் ததும்ப, "சைனாதிந்த பர்பேக்கு ஸ்வாமி" என்று, அதாவது சீனாவிலிருந்து வர வேண்டுமென்று, கன்னடத்தில் சொல்லிக் கைகூப்பிவிடுவார்.

அபூர்வ மண் உலோகங்களில் ஏழுக்கும், அவற்றைக் கொண்டு இத்தகைய மோட்டார்களுக்குள் அமரும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி அவசியமென்று 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் விதித்த பிற்பாடு, சுதேசி வாகனமென்று விளம்பரங்களில் மார்தட்டிய கனவான்கள் பெய்ஜிங் குமாஸ்தாவின் முத்திரையை எதிர்நோக்கித் தவம் கிடக்க நேர்ந்தது. இத்தனைக்கும், அக்காந்தத்தின் பிரதான அங்கமாகிய நியோடிமியம் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் யுகயுகாந்தரமாகக் கிடக்கிறது. அம்மணலின் பொருட்டு இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற கம்பெனியும் 1950-லேயே ஸ்தாபிதமாயிற்று. மணலைக் காந்தமாக்கும் சில்லறை வேலையை மட்டும் அயலாரிடம் விட்டுவைத்தோம். அவர்களுக்கும் ஜீவனம் நடக்க வேண்டுமல்லவா?

வண்டி வாங்கியவரோ, முற்றிலும் உள்நாட்டிலேயே தயாரான மாதத் தவணையை, ஒரு நாளும் தவறாமல் கட்டி வருகிறார்.