அறிமுகச் சுடுகை: புதிய பாயிண்ட் டூ டூ ரைஃபிளும் அதை வாங்கியவரும் – ஓர் ஆய்வு

முன்னுரை

புதிய ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்து, முதன்முறை சுட்டுப் பார்த்துவிட்டு, "சுமார்தான்" என்று சொன்ன மனிதர் எவரும் இதுவரை அறிவுலகின் பார்வைக்கு வரவில்லை. உலகில் செய்யப்படும் ரைஃபிள்கள் அனைத்தும் அருமையானவை என்பது இதற்கு ஒரு விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்பதில் இவ்வாய்வாளருக்கு ஏற்பட்ட சிறு தயக்கமே இக்கட்டுரையாக விரிந்தது.

போர்க்கருவிகள் பற்றிய நூல்கள் நூலகம் நூலகமாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஒருவர் சனிக்கிழமை காலையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், சொந்தக் காசில் வாங்கிய ரைஃபிளால் காகிதத்தில் ஐந்து ஓட்டை போட்டுவிட்டு, அந்த ஓட்டைகளைப் பார்த்து என்ன நினைத்துக்கொள்கிறார் என்பதைத் தமிழில் எவரும் முறைப்படி ஆராயவில்லை. அந்த இடைவெளியை இவ்வாய்வு நிரப்பும். நிரப்பாவிட்டாலும், ஆய்வேடுகள் தூங்கும் அலமாரியில் ஓரிடத்தையாவது நிரப்பும்.

ஆய்வு எல்லை

.22 (பாயிண்ட் டூ டூ) லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும் ரைஃபிள் மட்டுமே இங்கே ஆய்வுப்பொருள். தமிழ்நாட்டில் இதைத் தொட்டுப் பார்த்தவர்களில் பலர் என்.சி.சி.க்காரர்கள். முகாமில் தரையில் படுத்து, எண்ணிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்டு, தோட்டாவின் காலி உறைகளான கேஸ்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்கள். ரைஃபிள் எப்படி இருந்தது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஒரு கேஸ் குறைகிறதே, எங்கே என்றுதான் கேட்டார்கள். சொந்தமாக வாங்க வேண்டுமென்றால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. உரிமத்துக்கு அலைந்து வாங்கியவரிடம் நடுநிலையான அபிப்பிராயத்தை எதிர்பார்ப்பது மனிதநேயம் ஆகாது.

எனவே கள ஆய்வு அமெரிக்காவுக்கு நகர்ந்தது. அங்கே பாயிண்ட் டூ டூ ரைஃபிள் விளையாட்டுப் பொருள் கடையில் தூண்டில்களுக்குப் பக்கத்து வரிசையில் நிற்கும். பல மாநிலங்களில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால், கையோடு எடுத்துப் போகலாம். 1964இல் வெளிவந்த ரூகர் 10/22 இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. செக் நாட்டு சி.இசட்., ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ், பின்லாந்தின் டிக்கா என்று மேற்கொண்டு செலவழிக்கவும் வழியுண்டு. ஆய்வுக்குரிய மனிதர்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் களம் அது.

வரலாற்றுப் பின்னணி

வரலாறு இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்பதில்லை. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் முதல் ரிவால்வரோடு .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் லாங் ரைஃபிள் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. அதன்பின் எத்தனையோ தோட்டாக்கள் வந்து போய்விட்டன. இது மட்டும் அப்படியே இருக்கிறது.

இது ரிம்ஃபயர் வகைத் தோட்டா. இவ்வகையில், தட்டினால் தீப்பற்றும் மருந்து அடித்தட்டின் நடுவில் இருக்காது. சுற்று விளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். ஈர மருந்தைக் கேஸுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி மடிப்புக்குள் ஏற்றுகிறார்கள். ஃபயரிங் பின் விளிம்பில் ஓரிடத்தை நசுக்கும்போது தீ பிறக்கிறது. சுடாத தோட்டாவைத் தொட்டால் ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு விரலில் பிசுக்காக ஒட்டும். முழு நீளம் ஓர் அங்குலம். குண்டின் எடை வழக்கமாக 2.6 கிராம். சுட்டு முடித்த கேஸின் விளிம்பில் ஒரு சிறு செவ்வகப் பள்ளம், வாயோரத்தில் கொஞ்சம் கரி. நசுங்கிய விளிம்பில் மறுபடி மருந்து ஏற்றிப் பயன்படுத்த வழியில்லாததால், பெரிய தோட்டாக் கேஸ்களைக் குனிந்து குனிந்து பொறுக்கும் அமெரிக்கரும் இதைத் தரையிலேயே விட்டுவிடுகிறார்.

கருதுகோள்

இவ்வாய்வு ஒரே ஒரு கருதுகோளை முன்வைக்கிறது: புதிய ரைஃபிள் பற்றிய முதல் அபிப்பிராயம், கடையில் கார்டைத் தேய்க்கும்போதே உருவாகிவிடுகிறது. ரேஞ்சில் நடப்பது அதற்குச் சான்று திரட்டும் பணி. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலரும் கையாளும் முறை இதுவே என்பதால் இதைக் குறை சொல்வதற்கில்லை.

களமும் ஆய்வு முறையும்

ரேஞ்ச் என்பது ஒரு வரிசை மேசைகள், மேசைமேல் மணல் மூட்டைகள், எதிரே 50 கஜத்தில் காகிதம் ஒட்டிய பலகைகள், பலகைகளுக்குப் பின்னால் மண்மேடு. காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. ரேஞ்ச் அதிகாரி "சீஸ் ஃபயர்" என்று கூவியதும் எல்லோரும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா நிற்கும் அறையான சேம்பரில் ஒரு சிறு பிளாஸ்டிக் கொடியைச் செருகிவிட்டு மேசையை விட்டு விலகி நிற்க வேண்டும். அதன்பிறகுதான் டார்கெட்டைப் பார்க்க நடக்கலாம்.

இந்த 50 கஜ நடையே ஆய்வாளர் தம் தரவுகளைத் திரட்டிய இடம். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கி வழியாக, குண்டுகள் நெருங்கி விழுந்த நல்ல குரூப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டவர் மெதுவாக, பக்கத்து மேசைக்காரரையும் பேச்சுக் கொடுத்து அழைத்துக்கொண்டு நடக்கிறார். கெட்ட குரூப்பைப் பார்த்துவிட்டவர் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து, காகிதத்தைக் கிழித்து நாலாக மடித்துவிடுகிறார்.

தரவுப் பகுப்பாய்வு 1: குரூப்பின் இயல்பு

ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் காகிதத்தில் சேர்ந்து விழும் கூட்டத்துக்குக் குரூப் என்று பெயர். மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரமே அதன் அளவு. வெர்னியர் வைத்து வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, குண்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். கழிப்பதில் தாராளம் காட்டுவது வழக்கம்.

இங்கே ஆய்வாளர் ஒரு விதியை முன்வைக்கிறார்: குரூப் வளரும், ஒருபோதும் சுருங்காது. அடுத்த குண்டு ஒன்று கூட்டத்துக்குள் விழும், அல்லது வெளியே விழும். உள்ளே விழுந்தால் அளவு மாறாது. வெளியே விழுந்தால் பெரும்பாலும் கூடும். எந்தக் குண்டும் முன்பு விழுந்த துளையை அடைக்காது. புள்ளியியலும் இதற்குச் சாட்சி. ஒரு ரைஃபிளின் மூன்று குண்டுக் குரூப் சராசரியாக 10 மில்லிமீட்டர் என்றால், கையும் காற்றும் தோட்டாவும் மாறாமலே அதன் ஐந்து குண்டுக் குரூப் ஏறக்குறைய 13 ஆகும். பத்துக் குண்டுக் குரூப் 16ஐ நெருங்கும்.

இந்த விதியைப் படிக்காமலே அறிந்தவர் புது ரைஃபிள்காரர். மூன்று குண்டு ஒட்டி விழுந்துவிட்டால் அவருக்கு உடனே தாகம் எடுக்கிறது. காப்பி குடிக்கப் போய்விடுகிறார். ஐந்தும் நன்றாக விழுந்துவிட்டால் ஆறாவது தோட்டாவை எந்தச் சக்தியாலும் சேம்பருக்குள் ஏற்ற முடியாது. அப்புறம் குரூப்பின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுப்பது மரபு. கால் டாலர் நாணயத்தின் விட்டம் 24.26 மி.மீ.; பத்து சென்ட் நாணயம் 18 மி.மீ.கூட வராது. நாணயம் பெரிதாக இருந்தால் குரூப் சிறிதாகத் தெரியும் என்பதால், சில்லறைப் பையில் எது முதலில் தேடப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தரவுப் பகுப்பாய்வு 2: சாக்கு இயல்

கூட்டத்தைவிட்டு விலகி விழும் குண்டுக்கு ஃபிளையர் என்று பெயர். இது ஏன் விழுந்தது என்பதற்குக் களத்தில் கிடைத்த காரணங்கள் வருமாறு.

காற்று: ஒலிவேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் புறப்படும் குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 நொடி எடுக்கும். 2.6 கிராம் ஈயத்தைத் தள்ளிவிட அது போதும். குழலின் உள்வரிகள் வலஞ்சுழியாக இருந்தால், வலப்பக்கக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் ஏற்றும். ஆக, பக்கவாட்டுப் பிழைக்கும் உயரப் பிழைக்கும் ஒரே காற்று பொறுப்பேற்கிறது.

வேகம்: மலிவான தோட்டாக்களில் பல நொடிக்கு 380 மீட்டர் வாக்கில் புறப்பட்டு, போகிற வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைக் கடக்கையில் குண்டு தடுமாறக்கூடும். போட்டித் தோட்டாக்களைத் தொடக்கத்திலேயே 330 மீட்டர் வாக்கிலான வேகத்தில் செய்வது இதற்காகத்தான்.

மெழுகு: ஒரு கம்பெனித் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், புதிய மெழுகு குழலுக்குள் சீராகப் படியச் சில குண்டுகள் ஆகும். அந்தச் சில எத்தனை என்பதை ஃபிளையர் விழுவது நின்றபிறகே சொல்ல முடியும்.

குழலின் விருப்பம்: ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் என்றால் ஒரே குழல் வேறு மாதிரி சுடும். ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவா தோட்டாக் கம்பெனியும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கம் ஈலி தோட்டாக் கம்பெனியும் சோதனைக்கூடம் வைத்திருக்கின்றன. போட்டி வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கிவருகிறார்கள். அவ்வளவு தூரம் போகாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து, விளிம்புத் தடிமனை ஒவ்வொன்றாக அளந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் தோட்டா பொறுக்குகிறார்கள்.

மற்றவை: ஸ்கோப் திருகு தளர்ந்திருந்தது, பக்கத்து மேசைக்காரர் பெரிய ரைஃபிளைச் சுட்டு மேசையையே ஆட்டிவிட்டார், அரைத்தானியங்கி ரைஃபிள் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் "இன்னும் பழகவில்லை".

இந்தப் பட்டியலில் ஆய்வாளரைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. இதில் பொய் எதுவும் இல்லை. கிரிக்கெட் மட்டையாளர் வெளிச்சம் சரியில்லை என்றால் சிரிக்கலாம். இங்கே சிரிக்க முடியாது. இயற்பியல், வேதியியல், உலோகவியல் மூன்றும் வரிசையில் நின்று சாட்சி சொல்கின்றன. உண்மையான சாக்குகள் இத்தனை இருக்கும் வேறொரு பொழுதுபோக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. காற்று எல்லாக் குண்டையும் தள்ளும். ஆனால் நடுப்புள்ளியில் விழுந்த குண்டைக் காட்டி, "இதைக் காற்றுதான் கொண்டுவந்து போட்டது" என்று சொன்னவர் களத்தில் ஒருவரும் அகப்படவில்லை. கெட்ட லாட்டிலும் ஒன்றிரண்டு குண்டு குருட்டாம்போக்கில் நடுவில் விழத்தான் செய்யும். அவை மட்டும் ரைஃபிளின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. சாக்குகள் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாவது இப்படித்தான்.

மறுப்பும் விடையும்

"போட்டி வீரர்களும் இப்படித்தானே?" என்று புறத்தேர்வாளர் கேட்கலாம். இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இதே பாயிண்ட் டூ டூ தோட்டாவில் நடப்பது. முழங்காலிட்டு, படுத்து, நின்று என்று தகுதிச் சுற்றில் 60 தோட்டா. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. அறுபதும் கணக்கில் சேரும். இது ஃபிளையர், விட்டுவிடுங்கள் என்றால் நடுவர் கேட்கமாட்டார். வீரர்களுக்கும் காற்று உண்டு, மெழுகு உண்டு, லாட் உண்டு. அவற்றைச் சுடுவதற்கு முன்பே சரிக்கட்டப் பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

"சரி, புது ரைஃபிள்காரர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்வதால் யாருக்கு நட்டம்?" என்பது அடுத்த மறுப்பு. யாருக்கும் இல்லை என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கிறார். தோளை உதைக்காத ரைஃபிள், பையைக் கரைக்காத தோட்டா, மழையில்லாத காலை. "அருமை" என்று அவர் சொல்வதைக் காலைப்பொழுதைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டால் அதில் பிழையே இல்லை. பிழை, அதைக் கேட்டு நாமும் அதே ரைஃபிளை வாங்கும்போது தொடங்குகிறது.

ஆய்வு முடிவுகள்

ஒன்று, கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பிக்கப்படாத கருதுகோளோடு எந்த ஆய்வேடும் அச்சேறியதில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவும். இரண்டு, முதல் ஐந்து குண்டுகளைக்கொண்டு ரைஃபிளைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்ல முடியும். சொந்தக்காரரைப் பற்றி நிறையவே சொல்ல முடியும். மூன்று, ஒரு ரைஃபிளை அறிய விரும்புவோர் எத்தனை குண்டு சுடப்போகிறோம் என்பதைச் சுடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். விழுந்தவை எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.

மேலாய்வுக்குரிய களங்கள்

நல்ல குரூப் விழுந்தபின் எடுக்கும் தாகத்தின் உடலியல் காரணங்களை மருத்துவத்துறையினர் ஆராயலாம். நாணயத் தேர்வு பொருளியல் துறைக்குரியது. ஐந்து நன்றாக விழுந்தபின் ஆறாவது தோட்டாவைச் சுட்டுப் பார்க்கும் சோதனையும் நடத்தப்பட வேண்டும். இதற்குக் களப்பணியாளர் தேவை. முன்னனுபவம் அவசியமில்லை. ரைஃபிள் மட்டும் அவருக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது.